எல்லாருக்கும் இருநூறு காசு

போன மாசம் எங்க வட்ஸ்அப் குரூப்பில ஒரு வோட்டெடுப்பு வந்தது. கேள்வி இதுதான்: "இந்த சீசனுக்கு ஒரு டீமுக்கு 200 காசா, 250 காசா?" குரூப்பில இருந்தது எட்டுப் பேர். ஆறு பேர் வோட் போட்டாங்க. ஒருத்தி பார்த்திட்டு பேசாம இருந்தா. ஒருத்தன் அன்னைக்கு ராத்திரியே குரூப்ப விட்டுப் போயிட்டான்.

பேசாம இருந்தது நான்தான். போனவன் ஏன் போனான்னும் எனக்குத் தெரியும். குரூப்பில நாலு வரியில சொல்ற விஷயம் இல்ல அது. அதனால இங்க எழுதுறேன். ஃபேன்டசி லீக் ஆடாதவங்களும் வாசிக்கலாம். விதி எழுதுறது எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி வேலைதான்.

முதல்ல, இது என்ன விளையாட்டு? நாங்க எட்டுப் பேரும் ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டங்கள்ல பிறந்தவங்க. இப்ப ரெண்டு பேர் கொழும்பில வேலை. ஒருத்தன் கட்டார்ல. ஒருத்தன் பெலிஹுல்ஓயாவில கெம்பஸ். ஒருத்தன் அவிசாவளை சீதாவக்கை வலயத்தில கார்மெண்ட் வேலை, ஷிப்ட். மத்த மூணு பேரும் ஊரிலதான். அமெரிக்காவில நடக்கிற என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில ஆடுற நிஜ ஆட்டக்காரர்களை நாங்க ஏலத்தில எடுத்து, கற்பனையா ஒரு டீம் அமைப்போம். அவங்க நிஜ மெட்ச்ல எடுக்கிற புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் எல்லாம் எங்க டீம் கணக்கில விழும். வாரா வாரம் ரெண்டு டீம் மோதும். அவ்வளவுதான்.

ரப்பர் தோட்டத்தில எங்க இருந்துடா கூடைப்பந்துன்னு கேக்கலாம். ஸ்கூல்ல எங்களுக்கு இருந்தது வலைப்பந்துக் கம்பம் ரெண்டு. அதுல ஒண்ணுக்கு வளையம் சரிஞ்சிருக்கும். தர்ஜினி சிவலிங்கம் 2018இல் சிங்கப்பூர்ல ஆசியக் கிண்ணம் தூக்கின வருஷம், எங்க ஸ்கூல்ல உயரமா இருந்த பொண்ணுங்க எல்லாருக்கும் கோல் ஷூட்டர் ஆகணும்னு ஆசை. நான் அந்த ஆசையோட கூடைப்பந்து வீடியோ பார்க்கத் தொடங்கி, அங்கேயே தங்கிட்டேன். நேரமும் ஒரு காரணம். நியூயோர்க்கில ராத்திரி 7 மணிக்குத் தொடங்குற மெட்ச், குளிர்காலத்தில நமக்குக் காலை 5.30. அப்பா பால் வெட்டப் போற நேரம். வீட்டில லைட் எரியும், தேத்தண்ணி கொதிக்கும், நான் போனை எடுத்து ஸ்கோர் பார்ப்பேன்.

இனி விஷயத்துக்கு வாறேன்.

முதல் வருஷம் நாங்க ஏலம் போடல. சீட்டுக் குலுக்கி, யாருக்கு முதல் வருதோ அவங்க முதல் ஆளை எடுக்கிறது, கடைசி ஆள் வரைக்கும் போய், அங்க இருந்து திரும்பி வாறது. பாம்பு மாதிரி வளைஞ்சு வரும். அதனால அதுக்கு பாம்பு முறைன்னே பேர். முதல் சீட்டு விழுந்தவன் நிகோலா யோகிச்சை எடுத்தான். யோகிச் 2014இல் 41ஆவது ஆளா எடுக்கப்பட்டவர். இப்ப மூணு தடவை எம்.வி.பி. அவரை வச்சிருக்கிறவன் தூங்கினாலும் டீம் ஜெயிக்கும். சீசன் முடிஞ்சதும் எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம்: குலுக்கல்ல விழுற ஒரு துண்டுக் கடதாசி ஆறு மாசத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

அதனால ரெண்டாவது வருஷம் ஏலம். ஆளுக்கு 200 காசு, பத்து ஆட்டக்காரர். காசு பொய்க் காசுதான். இந்த முறை புதுசு இல்ல. 1980இல் நியூயோர்க்கில டேனியல் ஓக்ரென்ட்டும் அவர் கூட்டாளிகளும் பேஸ்போலுக்கு ஃபேன்டசி லீக் தொடங்கினப்பவே ஒரு டீமுக்கு இத்தனை டொலர், இத்தனை ஆட்டக்காரர்னு வரம்பு வச்சாங்க. இப்ப பெரிய ஃபேன்டசி அப் எல்லாம் 200ஐ வழக்கமாக்கிட்டாங்க. ஏலத்தோட அழகு என்னன்னா, யோகிச் யாருக்கும் அதிர்ஷ்டத்தில வரமாட்டார். வேணும்னா விலை குடுக்கணும். குடுத்தா மத்த ஒம்பது பேருக்குக் காசு குறையும்.

நியாயமாத்தான் இருந்தது. ஆனா அந்த வருஷம்தான் லீக் உடையப் பார்த்தது. என்ன நடந்ததுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன். ஒவ்வொண்ணோடயும் இந்த வருஷத்துக்கு என் யோசனையையும் சேர்த்துச் சொல்றேன்.

முதலாவது, ஒரே ஆளுக்கு எவ்வளவு குடுக்கலாம்?

எங்கள்ல ஒருத்தன் 90 காசுக்கு யோகிச்சையும் 72 காசுக்கு விக்டர் வெம்பன்யாமாவையும் எடுத்தான். 162 காசு ரெண்டே பேருக்குப் போச்சு. மிச்சம் எட்டுப் பேருக்கு 38 காசு. அப்ப எல்லாரும் சிரிச்சோம். ஜனவரி வரைக்கும் அவன்தான் முதலிடம், அப்ப சிரிப்பு நின்னது. 2025 பெப்ரவரியில வெம்பன்யாமாவோட தோள்ல இரத்தக்கட்டு, சீசன் முழுக்க ஆடமாட்டார்னு அவர் டீம் அறிவிச்சது. அவன் டீம் அன்னைக்கே செத்துப் போச்சு.

அதனால இப்ப குரூப்பில ஒரு யோசனை ஓடுது: ஒரு ஆளுக்கு 60 காசுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு விதி போடுவோம். கேக்க நல்லா இருக்கு. நிஜ ஏலங்களைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் வருது. 2008இல் முதல் ஐ.பி.எல். ஏலம், டீமுக்கு 50 இலட்சம் டொலர், அதுல தோனிக்குச் சென்னை குடுத்தது 15 இலட்சம். நூற்றுக்கு 30. 2024 மே மாசம் எங்க எல்.பி.எல். ஏலத்தில டீமுக்கு 5 இலட்சம் டொலர், மதீஷ பத்திரணவுக்குக் கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் குடுத்தது 1 இலட்சத்து 20 ஆயிரம். நூற்றுக்கு 24. அதே வருஷம் நவம்பர்ல ஜெத்தாவில நடந்த ஐ.பி.எல். ஏலத்தில 120 கோடியில ரிஷப் பன்டுக்கு 27 கோடி. நூற்றுக்கு 22.5.

இந்த மூணு ஏலத்திலயும் அதிக விலைக்குப் போன ஆளை எடுத்த டீம் அந்தத் தொடர்ல கிண்ணம் எடுக்கல. 2008 இறுதிப் போட்டியில தோனியோட சென்னையைத் தோற்கடிச்சது ஷேன் வோர்னோட ராஜஸ்தான். வோர்னுக்கு அவங்க குடுத்தது 4 இலட்சத்து 50 ஆயிரம் டொலர்தான். ஆக, பெரிய விலை குடுக்கிறவன் தன்னைத் தானே தண்டிச்சுக்கிறான். அவனைத் தடுக்க ஒரு விதி தேவையில்ல.

அதோட, தனி ஆளுக்கு வரம்பு வச்சா என்ன ஆகும்னு யோசிங்க. யோகிச்சோட உண்மையான மதிப்பு 85, வரம்பு 60. எட்டுப் பேருமே 60ன்னு கத்துவோம். பிறகு யாருக்குக் குடுக்கிறது? திரும்பவும் குலுக்கல்! ஓடி வந்த இடத்துக்கே திரும்பிப் போறோம். குலுக்கல்ல ஜெயிச்சவனுக்கு 25 காசு இலவசமும் கிடைக்கும்.

என்.பி.ஏ.யில இதே கதைதான் நடக்குது. அங்க ஒரு ஆட்டக்காரருக்கு, அவர் ஆடின வருஷங்களைப் பொறுத்து, டீம் வரம்பில 25, 30, இல்லாட்டி 35 வீதம்தான் உச்சச் சம்பளம். அதனால மிகப் பெரிய ஆட்டக்காரர் எப்பவும் தன் மதிப்பை விட மலிவு. 2016இல் டீம் வரம்பு ஒரே தாவலா 70 மில்லியன் டொலர்ல இருந்து 94 மில்லியனுக்கு ஏறினப்ப, அந்த வருஷம் 73 மெட்ச் ஜெயிச்ச கோல்டன் ஸ்டேட் டீமுக்கே கெவின் டுரன்டை எடுக்க இடம் கிடைச்சது. அடுத்த ரெண்டு வருஷமும் கிண்ணம் அவங்களுக்கு. பிறகுதான் வருஷத்துக்கு 10 வீதத்துக்கு மேல வரம்பு ஏறக் கூடாதுன்னு விதி கொண்டு வந்தாங்க.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, தனி ஆள் வரம்பு வேணாம். இன்னொண்ணு, 200ஐ 250 ஆக்காதீங்க. எல்லாருக்கும் ஏறினா எல்லா விலையும் ஏறும், வேற ஒண்ணும் மாறாது. போன வருஷத்து விலையைப் பார்த்துக் கணக்குப் போடுறவங்களுக்குக் குழப்பம் மட்டும்தான் மிச்சம்.

ரெண்டாவது, அடிபட்டா என்ன?

வெம்பன்யாமாவை எடுத்தவனுக்கு எங்க விதியில ஒரு வழியும் இல்ல. 72 காசு போச்சு, அவ்வளவுதான். அவன் அதுக்குப் பிறகு டீமைத் தொட்டுக்கூடப் பார்க்கல. தன்னால ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும், யோகிச்சை அவனோட மச்சினனுக்கு மாத்திக் குடுத்தான். பதிலுக்கு வாங்கினது யாருக்கும் பேர் தெரியாத ரெண்டு பேர். குரூப்பில அன்னைக்கு வந்த வார்த்தைகளை இங்க எழுத முடியாது.

அவன் பிழை செஞ்சான்தான். ஆனா அவனுக்குத் தொடர்ந்து ஆட ஒரு காரணத்தை நாங்க விட்டு வைக்கலங்கிறதும் உண்மை. என்.பி.ஏ.யில ஒரு ஆட்டக்காரர் சீசன் முழுக்க ஆட முடியாம போனா, அவர் டீமுக்கு ஒரு சலுகை இருக்கு. அவர் சம்பளத்தில பாதி வரைக்கும், ஒரு எல்லைக்குள்ள, வரம்புக்கு மேல போய் பதில் ஆள் எடுக்கலாம். நாமளும் அதையே வைப்போம். சீசன் முழுக்க இல்லன்னு அறிவிச்சா பாதிக் காசு திரும்பி வரும். 72இல் 36. முழுசா திருப்பிக் குடுத்தா ஏலத்தில யாரும் யோசிக்கவே மாட்டாங்க. ஒண்ணுமே குடுக்காட்டி ஆள் ஓடிடுவான். தோட்டத்தில கணக்கு எல்லாருக்கும் தெரியும்: சொன்ன கிலோ வராட்டி செக்ரோல்ல அரைப் பேர் விழும். அரைப் பேர் சந்தோஷம் இல்ல. ஆனா வெறும் கையோட வீட்டுக்கு வாறதும் அரைப் பேரும் ஒண்ணு இல்ல.

மாத்திக் குடுக்கிறதுக்கும் விதி வேணும். ரெண்டு பக்கமும் ஏல விலை கிட்டத்தட்டப் பொருந்தணும், வித்தியாசம் 15 காசுக்கு மேல போகக் கூடாது. சம்பந்தப்படாத ஆறு பேர்ல நாலு பேர் வேணாம்னு சொன்னா அந்த மாத்தம் செல்லாது. ரகசிய உடன்பாடு பிடிபட்டா அடுத்த வருஷ ஏலத்தில 20 காசு வெட்டு. கடுமையாத் தெரியலாம். 2000இல் மினசோட்டா டீம் ஜோ ஸ்மித்ங்கிற ஆட்டக்காரரோட வரம்பை ஏமாத்த ரகசிய ஒப்பந்தம் போட்டது வெளிய வந்தப்ப, 35 இலட்சம் டொலர் தண்டம், அதோட அஞ்சு வருஷத்து முதல் சுற்றுத் தெரிவுகளையும் பறிச்சாங்க. பிறகு அதுல சிலதைத் திருப்பிக் குடுத்தாலும், அந்த டீமுக்கு அடி அடிதான். வரம்புன்னு ஒண்ணு இருந்தா அதைச் சுத்திப் போற வழியையும் யாராவது தேடுவாங்க. அதை முன்னாடியே எழுதி வைக்கிறது சந்தேகப்படுறது ஆகாது.

மூணாவது, நிஜக் காசு.

ஒருத்தர் சொன்னார்: "ஆளுக்கு 1,500 ரூபா போட்டா எல்லாரும் கவனமா ஆடுவாங்க, நடுவில விட்டுட்டுப் போகமாட்டாங்க." கொழும்பில ரெண்டு பேருக்கும் கட்டார்ல ஒருத்தனுக்கும் 1,500 ஒரு சாப்பாட்டுக் காசு. ஊரில இருக்கிற வீட்டில அது வேற கணக்கு. 2015இல் 1,000 ரூபா கேட்டுக் கோஷம் போட்டாங்க. 2016இல் அடிப்படைச் சம்பளம் 500, 2019இல் 700, 1,000ஐக் கண்ணால பார்க்க 2021 மார்ச் ஆச்சு. தேயிலைத் தோட்டத்துக்கு 1,350 வந்தது 2024இல். அந்த 1,350 கணக்கில 1,500ங்கிறது யாரோ ஒருத்தங்களோட அம்மாவோட ஒரு முழுப் பேர், அதுக்கும் மேல. அதைப் போட்டு யோகிச்சை எடுக்கணுமா?

அதுக்கு மேல இது சூது. 2025 ஓகஸ்ட்ல இந்தியப் பாராளுமன்றம் காசு கட்டி ஆடுற ஒன்லைன் விளையாட்டுகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இந்திய கிரிக்கெட் டீமோட ஜேர்சியில பேர் போட்டிருந்த ட்ரீம் லெவன் அதோட காசு ஆட்டத்தை நிறுத்திடுச்சு. அங்க தெருவுக்குத் தெரு விளம்பரம் பார்த்து ஆடி, கடன் பட்டு நின்ன குடும்பங்கள் இருக்கிறதாலதான் அந்தச் சட்டம் வந்தது. எட்டுப் பேர் குரூப்பில அது சின்னதாத்தான் தொடங்கும். என் யோசனை: காசே வேணாம். தோத்தவர் பொங்கலுக்கு எல்லாருக்கும் தேத்தண்ணியும் ரோல்சும் வாங்கிக் குடுக்கட்டும். கட்டார்ல இருக்கிறவன் தோத்தா ஊருக்கு வாற நேரம் குடுக்கட்டும்.

இனி நாலாவது. இதுதான் நான் உண்மையில சொல்ல வந்தது.

குரூப்ப விட்டுப் போனவன் கார்மெண்ட்ல வேலை செய்றவன். போன வருஷ ஏலம் சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு, வீடியோ கோல்ல. அவனுக்கு அன்னைக்கு நைட் ஷிப்ட். "நீ ஒரு லிஸ்ட் தா, அப் தானா எடுக்கும்"னு நாங்க சொன்னோம். தந்தான். அப் எடுத்துச்சு. 200 காசில 61 காசை செலவழிக்காமலேயே அவன் டீமை முடிச்சு வச்சிருந்தது. எங்க எல்லாருக்கும் 200 காசு. அவனுக்கும் 200 காசுதான். கணக்குப்படி சமம்.

இன்னொண்ணும் இருந்தது. எங்க லீக்கில தினமும் டீமை மாத்தலாம். இன்னைக்கு யார் ஆடுறாங்க, யாருக்குக் காய்ச்சல், யாருக்கு ஓய்வுன்னு பார்த்து விடியக்காலையில மாத்துறவனுக்கு வாரத்துக்கு அஞ்சாறு மெட்ச் கூடுதலாக் கிடைக்கும். கொழும்பில வைஃபை இருக்கிறவனுக்கு அது ஒரு விரல் வேலை. லயத்தில இருக்கிற பொண்ணுக்கு சிக்னல் வேணும்னா மேல் றோட்டுக்குப் போகணும். விடியாத இருட்டில யார் போவா? ஷிப்ட்ல இருக்கிறவனோட போன் உள்ளே கொண்டு போகவே முடியாது. டேட்டா முடிஞ்சா அடுத்த ரீலோட் வரைக்கும் டீம் அப்படியே கிடக்கும்.

சீசன் முடிவில வரிசையைப் பார்த்தேன். முதல் மூணு இடம்: கொழும்பு, கொழும்பு, கட்டார். கடைசி மூணு இடத்தில எங்க ஊர்க்காரர் ரெண்டு பேரும், கார்மெண்ட்காரனும். எங்கள்ல கூடைப்பந்து ஆகக் கூடத் தெரிஞ்சது அவனுக்குத்தான். வெம்பன்யாமாவுக்கு 72 குடுக்காதடான்னு ஏலத்துக்கு முதல் வாரமே சொன்னவன் அவன்.

அவன் போறதுக்கு முன்னாடி எனக்குத் தனியா ஒரு வோய்ஸ் போட்டிருந்தான். கோபமா ஒண்ணும் சொல்லல. "250 வச்சாலும் நான் செலவழிக்கப் போறதில்லையே, பிறகென்ன"ன்னு சிரிச்சான்.

உச்சவரம்புங்கிறது காசை மட்டும்தான் சமமாக்கும். நேரம், டேட்டா, சிக்னல், லீவு இதையெல்லாம் அது தொடாது. நாங்க ஒரு வரம்பை வச்சிட்டு, எல்லாம் நியாயமாயிடுச்சுன்னு நம்பிட்டோம். அது எங்க பிழை.

அதனால என் யோசனை ரெண்டு. ஒண்ணு, ஏலத்தை மெதுவா நடத்துவோம். வட்ஸ்அப்பிலயே. ஒரு நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு பேர் போடலாம். கடைசியா வந்த விலைக்கு மேல 24 மணித்தியாலம் யாரும் கேக்காட்டி ஆள் அவங்களுக்கு. எட்டு டீம், பத்துப் பேர், மொத்தம் 80 ஆட்டக்காரர். பத்துப் பன்னிரண்டு நாள்ல முடிஞ்சிடும். சீசன் ஒக்டோபர் பிற்பகுதியிலதான் தொடங்கும். 6ஆம் திகதி தொடங்கினாலும் நேரம் இருக்கு. முடிவை அப்பில கையால பதிஞ்சுக்கலாம், அதுக்கு வசதி இருக்கு. ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல வாறவனும் பஸ்ல இருந்தே ஏலம் கேக்கலாம். ஒரு மெசேஜ் அனுப்ப வீடியோ கோல் அளவு டேட்டா தேவையில்ல.

இன்னொண்ணு, வாரத்துக்கு ஒரு தடவைதான் டீம் மாத்தலாம். ஞாயிறு ராத்திரி பூட்டினா அடுத்த ஞாயிறுதான். அதுவும் அப்பில இருக்கிற ஒரு தெரிவுதான், ஒரு பட்டனை மாத்தினாப் போதும். "அப்ப த்ரில் போயிடும்"னு ஒருத்தன் சொல்வான். த்ரில் போகாது. விடியக்காலை நாலு மணிக்கு முழிச்சிருக்கிறவனுக்கு இருக்கிற இலாபம் மட்டும்தான் போகும். யார் நல்லா யோசிக்கிறாங்கங்கிறது மிஞ்சும்.

கடைசியா, விதியை யார் எழுதுறது?

என்.பி.ஏ. சம்பள வரம்பு 1984-85 சீசன்ல வந்தது. அப்ப ஒரு டீமுக்கு 3.6 மில்லியன் டொலர். 2025-26க்கு 154.6 மில்லியன். இந்த எண்ணை எல்லாரும் பேசுவாங்க. அதோட சேர்ந்து இருக்கிற மத்த ரெண்டு எண்ணைப் பேசமாட்டாங்க. ஒரு டீம் வரம்பில 90 வீதமாவது சம்பளமாக் குடுத்தே ஆகணும், இது ஒண்ணு. கூடைப்பந்தால வாற வருமானத்தில கிட்டத்தட்டப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகணும், இது மத்தது. மேல ஒரு கூரை போட்டா கீழ ஒரு தரையும் வேணும்னு ஆட்டக்காரர் சங்கம் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டது அது. பேச்சு முறிஞ்சு 2011இல் முதலாளிமார் கதவைப் பூட்டினப்ப, சீசனே 66 மெட்சாச் சுருங்கிச்சு. கோடீஸ்வர ஆட்டக்காரர்களுக்கே அந்தத் தரையைக் காப்பாத்தச் சண்டை தேவைப்பட்டிருக்கு. அதுலயும் அவங்க பங்கு 57 வீதத்தில இருந்து பாதிக்கு இறங்கிச்சு.

அந்த உடன்பாட்டுக்கு அவங்க வச்சிருக்கிற பேரைத் தமிழ்ல சொன்னா, கூட்டு ஒப்பந்தம். அந்தச் சொல்லை முதல் தடவை கூடைப்பந்துப் பக்கத்தில வாசிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்க ரேடியோவில கேட்டு வளர்ந்த சொல். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கொழும்பில யாரோ யாரோட பேசுவாங்க, பிறகு ஒரு எண் வரும், அதோட நாளைக்கு எத்தனை கிலோங்கிறதும் வரும். 2021இல் சம்பளம் 1,000 ஆனதோட கொம்பனிகள் அந்த ஒப்பந்தத்தில இருந்தே விலகிடுச்சு. எங்க அம்மா அப்பாவுக்கு அந்த மேசையில கதிரை இருந்ததில்ல. சம்பளம்ங்கிற சொல்லுக்கு எங்க வீட்டில எப்பவும் தரைன்னுதான் அர்த்தம். கூரையைப் பத்திப் பேசுற அளவுக்கு யாருக்கும் வாய்ப்பு வந்ததில்ல.

அதைப் பார்த்து வளர்ந்த நாங்களே எட்டுப் பேர் குரூப்பில, ஒருத்தன் ஷிப்ட்ல இருக்கிற நேரம் பார்த்து வோட்டெடுப்பு வச்சு, ஆறு வோட் வந்திருச்சு, முடிஞ்சதுன்னு சொன்னோம். இது பொய்க் காசு, வெறும் விளையாட்டுன்னு நீங்க சொல்லலாம். சரிதான். ஆனா ஊரில இருந்து சிதறிப் போன எட்டுப் பேரை மூணு வருஷமா வாரா வாரம் பேச வச்சது இந்த விளையாட்டு மட்டும்தான். கலியாணமும் சாவும் இல்லாம நாங்க ஒண்ணு சேர்ற இடம் வேற இல்ல. அதை ஒரு விதியால இழக்கிறது எனக்குப் பெரிய விஷயம்.

அதனால இதைக் குரூப்பில போடப் போறேன்: ஆளுக்கு 200 காசு, மாத்தம் இல்ல. ஆகக் குறைஞ்ச விலை 1 காசு. தனி ஆள் வரம்பு இல்ல. சீசன் முழுக்க அடிபட்டா பாதிக் காசு திரும்ப. மாத்திக் குடுக்க 15 காசு வித்தியாச எல்லை, நாலு பேர் மறுத்தா செல்லாது. நிஜக் காசு இல்ல. மெதுவான ஏலம். வாரத்துக்கு ஒரு தடவை டீம். எட்டுப் பேரும் ஓம்னு சொல்லாம எந்த விதியும் இல்ல, சீசன் தொடங்கினா எந்த விதியும் மாறாது.

உங்க குரூப்பிலயும் இப்படி ஒரு லீக் இருந்தா, கிரிக்கெட்டோ ஃபுட்போலோ எதுவா இருந்தாலும், ஏலத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: நம்மள்ல ஆகக் கஷ்டமான நேரத்தில வேலை செய்றது யார்? அவங்களால இந்த விதியில ஆட முடியுமா? முடியும்னா மத்தவங்க எல்லாராலயும் முடியும்.

நேத்து ராத்திரி அவனுக்கு இந்தப் பட்டியலை அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இன்னும் வரல. இந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். 24 மணித்தியாலம் இருக்கு.